ட்ரெக்கிங் போறீங்க சரி... அந்தப் பாதையை யார் பராமரிக்கிறாங்க? இங்கிலாந்து மலைகள் சொல்லும் பாடம்!

மலையேற்ற ரீல் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பனிமூட்டம் இருக்கும். உச்சியில் இரண்டு கைகளையும் விரித்து ஒருவர் நிற்பார். பின்னணியில் இளையராஜாவோ ஏ.ஆர்.ரஹ்மானோ ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லா ரீலிலும் இருந்தும் யார் கண்ணிலும் படாத ஒரு விஷயம் உண்டு. அவர் நடந்து வந்த பாதை.

"மலையில பாதை தானா உருவாகிடும்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். உருவாகும். நாலு பேர் ஒரே இடத்தில் தொடர்ந்து நடந்தால் ஒற்றையடிப் பாதை ரெடி. ஆனால், நாலு பேர் நாலாயிரம் பேராகும்போது அதே பாதை தானாகவே அழியவும் ஆரம்பிக்கும். அழியும்போது சும்மா அழியாது, பக்கத்தில் இருக்கும் மலையையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு போகும்.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் புக் செய்து, வழிகாட்டியோடு போய் வரலாம். நல்ல விஷயம். ஆனால் எந்தப் பாதைக்கும் திறப்பு விழாவைவிட ஐந்தாவது மழைக்காலம்தான் முக்கியம். அன்றைக்கு அந்தப் பாதையைச் சரிசெய்ய யார் இருப்பார்கள், எந்தக் காசில் செய்வார்கள்?

இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஊர் இருக்கிறது. வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட். முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு நம்ம ஊருக்கு வருவோம்.

சின்ன மலை, பெரிய கூட்டம்

லேக் டிஸ்ட்ரிக்ட் என்றால் ஏரிகளும் அவற்றைச் சுற்றிப் புல்வெளி போர்த்திய மலைகளும். 1951-ல் தேசியப் பூங்காவானது. 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்கேஃபெல் பைக் இங்கேதான் இருக்கிறது. உயரம் எவ்வளவு தெரியுமா? 978 மீட்டர். நம்ம ஏற்காட்டைவிடக் குறைவு!

உயரம் குறைவு என்பதுதான் பிரச்னையும்கூட. யார் வேண்டுமானாலும் ஏறலாம். கயிறு வேண்டாம், ஆக்ஸிஜன் சிலிண்டர் வேண்டாம், நல்ல ஷூ இருந்தால் போதும். பூங்காவுக்குள் வசிப்பவர்கள் சுமார் 40,000 பேர்தான். வந்துபோகிறவர்களோ வருடத்துக்கு ஏறத்தாழ 1.8 கோடிப் பேர். எல்லோரும் மலை ஏறுவதில்லை, ஏரிக்கரையில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். ஆனால், அதில் ஒரு சிறு பங்கு மேலே ஏறினாலும் கணக்கு லட்சங்களில் போகும்.

இன்ஸ்டாகிராமுக்கு முன்பே அங்கே ஓர் 'இன்ஃப்ளூயன்ஸர்' இருந்தார். ஆல்ஃப்ரெட் வெயின்ரைட். 1955 முதல் 1966 வரை, 214 மலைகளுக்குக் கையால் எழுதி, கையால் படம் வரைந்து, ஏழு வழிகாட்டிப் புத்தகங்கள் போட்டார். இன்றைக்கும் அந்த 214-ஐயும் ஏறி முடிப்பது பலருக்கு வாழ்நாள் லட்சியம். புத்தகம் கூட்டத்தைக் கொண்டுவந்தது, பிறகு கார் கொண்டுவந்தது, பிறகு போன். மலை மட்டும் அதே மலைதான்.

ஒரு பாதை எப்படிச் சாகிறது?

முதலில் புல் சாகும். ஷூவின் அடியில் நசுங்கி நசுங்கி வேர் விட்டுப்போகும். வேர் போனால் மண்ணைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. மண் இறுகி, சுற்றியிருக்கும் தரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்துபோகும். அவ்வளவுதான், இனிமேல் வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

மழை பெய்யும்போது தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். சரிவில் நேர்க்கோட்டில் இறங்கும், ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பாதையைவிட அதற்கு வசதியான கால்வாய் வேறென்ன இருக்க முடியும்? பாதை ஓடையாகும். ஓடை மண்ணை அரித்து உருளைக் கற்களை மட்டும் விட்டுவைக்கும். கல்லில் நடந்தால் கால் பிரளும். எனவே அடுத்து வருகிறவர் பாதையை விட்டு ஓரத்துப் புல்லில் நடப்பார். ஓரத்துப் புல்லும் சாகும். இப்படியே பக்கவாட்டில் விரிந்து விரிந்து, ஓர் ஆள் நடக்கும் தடம் ஒரு லாரி போகும் அகலத்துக்கு, சில இடங்களில் அதைவிடவும் பெரிய காயமாக மாறும். லேக் டிஸ்ட்ரிக்டில் இப்படிப்பட்ட தழும்புகள் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்கு இருந்தன.

இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. அரித்த மண் எங்கே போகும்? ஓடை வழியாக ஆற்றுக்கு, ஆறு வழியாக ஏரிக்கு. அங்கே வெண்டேஸ் என்றொரு அபூர்வ மீன் இருக்கிறது. பிரிட்டனின் மிக அரிதான நன்னீர் மீன்களில் ஒன்று. ஏரியின் அடியில் இருக்கும் சுத்தமான சரளைக் கற்களில்தான் அது முட்டையிடும். அந்தச் சரளையைச் சேறு மூடினால் முட்டை மூச்சுத் திணறிப்போகும். பாசென்த்வைட் ஏரியில் அது அழிந்துவிட்டதாகவே 2001 வாக்கில் கருதினார்கள், 2013-ல் மறுபடி ஒன்று தென்பட்டது. ஏரியில் சேறு சேர்ந்ததற்குப் பல காரணங்கள் இருந்தன. மேலே மலைகளிலிருந்து அரித்து வந்த மண்ணும் அதில் ஒன்று. நாம் மேலே வைக்கும் அடி கீழே ஒரு மீனின் வீட்டில் போய் விழுகிறது.

இதோடு பருவநிலை மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் சென்னைக்காரர்களுக்கு மறக்குமா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ மழை கொட்டிய அதே வாரத்தில், டிசம்பர் 5-ம் தேதி, 'டெஸ்மண்ட்' புயல் லேக் டிஸ்ட்ரிக்டைத் தாக்கியது. ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 34 செ.மீ மழை. பிரிட்டனில் அதுவரை பதிவானதிலேயே அதுதான் அதிகம். சாலைகள் உடைந்தன, பாலங்கள் போயின, ஊர்கள் மூழ்கின. மலைப் பாதைகள் பலவும் அடித்துக்கொண்டு போயின. பல வருட வேலை ஒரே நாளில் காலி.

மண்வெட்டியோடு ஒரு வாக்கிங்

இதற்காகவே அங்கே 2001-ல் தொடங்கப்பட்டதுதான் 'ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ்' என்ற கூட்டு முயற்சி. 'ஃபெல்' என்றால் அந்த வட்டாரப் பேச்சில் மலை. 'மலையைச் சரிசெய்வோம்' என்று வைத்துக்கொள்ளலாம். நேஷனல் டிரஸ்ட் என்ற பழைமையான அறக்கட்டளை, தேசியப் பூங்கா ஆணையம், அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து எனப் பலரும் இதில் கைகோத்திருக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவை 500 கிலோமீட்டருக்கும் அதிகமான மலைப் பாதைகள். 

வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இந்தப் பிரிவினைதான் நாம் கவனிக்க வேண்டிய முதல் விஷயம்.

முதல் குழு, சம்பளம் வாங்கும் ரேஞ்சர்கள். கல் பாவுவது இவர்கள் வேலை. ஒவ்வொரு கல்லையும் தேர்ந்தெடுத்து, குழி தோண்டி, பல் ஈறுக்குள் இருப்பதுபோலக் கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும்படி நட்டு, பக்கத்துக் கல்லோடு இறுக்கிப் பூட்ட வேண்டும். சிமென்ட் கிடையாது, கலவை கிடையாது. சரிவின் அடியில் ஆரம்பித்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போவார்கள், அப்போதுதான் மேல் கல்லின் எடையைக் கீழ்க் கல் தாங்கும். கல் அந்த இடத்துக் கல்லாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் தையல் போட்ட சட்டைபோலத் தனியாகத் தெரியும். பக்கத்துச் சரிவில் கற்களைப் பொறுக்கி, ஒரு டன் அளவுக்குப் பெரிய பைகளில் நிரப்பி, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இவ்வளவும் செய்து ஒருவரால் ஒரு நாளில் முடிக்க முடிவது ஓரிரு மீட்டர்தான்.

இரண்டாவது குழு, நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் இதில் நிறைய. இவர்கள் செய்வது கேட்கவே 'மாஸ்' இல்லாத ஒரு வேலை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள், வழியில் இருக்கும் குறுக்கு வடிகால்களில் அடைந்திருக்கும் சரளையையும் மண்ணையும் புல்லையும் அள்ளிப் போடுவார்கள், அடுத்த வடிகாலுக்கு நடப்பார்கள். அவ்வளவுதான்!

'இதுக்கா இவ்வளவு பில்டப்?' என்று தோன்றுகிறதா? இருங்கள். பாதையைக் கொல்வது கால் மட்டுமில்லை, கால் தொடங்கிவைத்ததைத் தண்ணீர் முடித்துவைக்கிறது என்று மேலே பார்த்தோம். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்த ஒரு சிறு வடிகால், மழைநீரைப் பாதையிலிருந்து பக்கத்துப் புல்வெளிக்குத் திருப்பிவிடும். அந்த வடிகால் அடைபட்டால், ஒரே பெருமழையில் தண்ணீர் அதைத் தாண்டிக் குதித்து, ரேஞ்சர்கள் வாரக்கணக்கில் பாவிய கல்லைப் பிடுங்கி எறிந்துவிடும். மண்வெட்டியால் பத்து நிமிடம் அள்ளாமல் விட்டதற்கான விலை, ஹெலிகாப்டரும் பல வாரக் கூலியும். 

வீட்டு மாடியில் மழைநீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அதே லாஜிக்தான்.

எல்லோருக்கும் பிடிக்குமா?

பிடிக்காது. அங்கேயும் சண்டை இருக்கிறது. கல் பாவிய பாதைகளைப் பல மலையேறிகள் திட்டுகிறார்கள். இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, மழையில் வழுக்குகிறது, காட்டு மலையை மாடிப்படி ஆக்கிவிட்டீர்கள் என்பது அவர்கள் புகார். அதில் நியாயமும் இல்லாமலில்லை. கல்லின் முகம் தவறான பக்கம் சாய்ந்திருந்தாலோ, படியின் உயரம் அதிகமாக இருந்தாலோ மனிதர்கள் கல்லை விட்டு ஓரத்துப் புல்லில்தான் நடப்பார்கள். அப்புறம் கல் பாவி என்ன பயன்? பழைய கதை பக்கத்திலேயே புதிதாக ஆரம்பிக்கும்.

எனவே நல்ல பாதை போடுகிறவர் கொஞ்சம் மனோதத்துவமும் தெரிந்தவராக இருக்க வேண்டியிருக்கிறது. பாதையை லேசாக வளைப்பார்கள். வளைவில் குறுக்கே புகுந்துவிடக் கூடாது என்று, இயற்கையாகக் கிடப்பதுபோல ஒரு பாறையை உருட்டிவைப்பார்கள். ஓரங்களில் புல் விதைப்பார்கள். 'இங்கே நடக்காதீர்' என்று போர்டு வைக்காமலேயே உங்கள் கால் சரியான இடத்தில் விழ வேண்டும். அதைச் செய்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாமல் போவதுதான் அந்த வேலையின் வெற்றி.

எல்லா நிலத்துக்கும் கல்லும் தீர்வில்லை. பீட் எனப்படும் கரிய சதுப்பு மண்ணில் கல் வைத்தால் மூழ்கிவிடும். இங்கிலாந்தின் நீண்ட நடைபாதைகளில் ஒன்றான 'பெனைன் வே' 1965-ல் திறக்கப்பட்டது. சுமார் 430 கிலோமீட்டர். கூட்டம் கூடக் கூட, சதுப்புப் பகுதிகளில் நடப்பவர்கள் முழங்கால் வரை சேற்றில் இறங்கினார்கள், சேற்றைத் தவிர்க்க ஒதுங்கியதில் பாதை அகன்றுகொண்டே போனது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? லங்காஷயரில் மூடப்பட்ட பழைய பருத்தி ஆலைகளின் தரையில் கிடந்த பெரிய பலகைக் கற்களைப் பெயர்த்து, ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சதுப்பின் மேல் வரிசையாகப் பரப்பினார்கள். கற்கள் எடையைப் பரவலாகத் தாங்கின. சுற்றிலும் செடிகள் திரும்ப வளர்ந்தன. மூடிக்கிடக்கும் மில் எப்படி இருக்கும் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அந்தத் தரை இன்னொரு தலைமுறையின் காலுக்குக் கீழே வந்திருக்கிறது.

காசு... காசு... காசு!

மலையில் நடக்க லேக் டிஸ்ட்ரிக்டில் டிக்கெட் கிடையாது. அந்த உரிமையை பிரிட்டன் மக்கள் சும்மா வாங்கவில்லை. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில், மில் முதலாளிகளும் பிரபுக்களும் வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான இளம் தொழிலாளர்கள் அத்துமீறி நடந்தார்கள். அதற்காக ஐந்து பேர் சிறை போனார்கள். அந்தப் போராட்டத்தின் நீட்சிதான் தேசியப் பூங்காக்களும், திறந்தவெளியில் நடக்கும் உரிமையைத் தந்த 2000-ம் ஆண்டுச் சட்டமும்.

ஆக, டிக்கெட் போடுவது அங்கே சுலபமான விடையில்லை. ஆனால் டிக்கெட் இல்லையென்றால் வடிகாலுக்குக் காசு எங்கிருந்து வரும்? நன்கொடை, அறக்கட்டளை உறுப்பினர் சந்தா, லாட்டரி நிதி, அரசு மானியம் என்று பல ஊற்றுகளில் கை நீட்ட வேண்டியிருக்கிறது. இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. புதிதாக எதையாவது தொடங்க நிதி கேட்டால் கிடைக்கும். ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம், 'முன்பு - பின்பு' படம் போடலாம். 'ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கக் காசு கொடுங்க' என்றால் யாரும் கை நீட்டி வருவதில்லை. தூர் வாரிய வடிகாலோடு யார் செல்ஃபி எடுப்பார்கள்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'த்ரீ பீக்ஸ் சேலஞ்ச்' என்று ஒன்று அங்கே பிரபலம். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றின் உயரமான சிகரங்களையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். பலர் இதை ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்டச் செய்கிறார்கள். மருத்துவமனைக்குப் பணம் போகும், குழந்தைகள் இல்லத்துக்குப் போகும், எல்லாம் சரி. ஆனால் எத்தனையோ ஆயிரம் கால்கள் நடுராத்திரியில் மிதித்துப் போன பாதைக்கு என்ன போனது? இந்தக் கேள்வி அங்கே தொடர்ந்து எழுகிறது. 2016-ல் பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சில் 'மெண்ட் அவர் மவுன்டன்ஸ்' என்று ஒரு க்ரவுட் ஃபண்டிங் நடத்தி, எட்டு இடங்களின் சீரமைப்புக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டியது. நடக்கிறவர்களே நடக்கும் பாதைக்குக் கொடுத்த காசு.

தன்னார்வம் எங்கே முடிய வேண்டும்?

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். 'வாலன்டியர்ஸ் இருக்காங்களே, அப்புறம் எதுக்குச் சம்பளம்?' என்று ஒரு குரல் எப்போதும் வரும். அது ஆபத்தான குரல். 

ஊர்ப் பாதையை ஊரே பராமரிப்பது என்பது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கட்டாயம். 1555-ம் ஆண்டுச் சட்டப்படி ஊரார் வருடத்துக்கு நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும். பின்னர் அது ஆறு நாளானது. 19-ம் நூற்றாண்டில்தான் ஒழிந்தது. நம்மிடமும் இதன் உறவுக்காரர் இருக்கிறார்: குடிமராமத்து. ஏரி, வாய்க்காலைப் பாசனம் பெறும் ஊராரே தூர் வாரிக் கரை கட்டும் பழக்கம். சொந்தத் தண்ணீருக்காகச் சொந்தமாகச் செய்த வேலை என்று பெருமையாகப் பேசுகிறோம். ஆனால், 1858-ல் பிரிட்டிஷ் அரசு மதராஸ் மாகாணத்தில் அதற்கென்று 'கட்டாய உழைப்புச் சட்டம்' ஒன்றையே போட்டது என்பதையும் மறக்கக் கூடாது. விருப்பத்தோடு செய்வதற்கும் வேறு வழியில்லாமல் செய்வதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது.

அதனால்தான் லேக் டிஸ்ட்ரிக்டின் வேலைப் பிரிவினை எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடிகால் தூர் வாருவதைப் பயிற்சி பெற்ற எவரும் செய்யலாம், அடிக்கடி செய்ய வேண்டும், ஆள் நிறைய வேண்டும். அதற்குத் தன்னார்வலர்கள் சரி. கல் பாவுவது கைத்திறன். அதைச் செய்கிறவருக்குச் சம்பளம், காப்பீடு, மரியாதை எல்லாம் வேண்டும். 

அந்தக் கைத்திறனுக்கு என்ன மதிப்பு என்று நார்வேயிடம் கேளுங்கள். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாக நார்வேயின் மலைப் பாதைகளுக்குக் கல் படி கட்டுகிறவர்கள் யார் தெரியுமா? நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவாரத்திலிருந்து போகும் ஷெர்பாக்கள்! கல்லைப் பார்த்ததும் அதன் எந்த முகம் மேலே வர வேண்டும் என்று சொல்லிவிடும் பரம்பரை அனுபவம். கெய்ர் வெட்டி என்ற நார்வேக்காரர் தன் நிறுவனம் மூலம் அவர்களை அழைத்துவரத் தொடங்கினார். பெர்கன் நகரில் உல்ரிக்கன் மலைக்கு ஏறும் 1,333 படிகள், ட்ரோம்சோ நகரின் 'ஷெர்பா படிக்கட்டு' எனப் பலவும் அவர்கள் கைவண்ணம். கோடையில் வந்து வேலை பார்த்து, நார்வேயின் கூலியோடு ஊர் திரும்புகிறார்கள். எவரெஸ்ட்டில் அடுத்தவர் மூட்டையைச் சுமப்பதைவிட உயிருக்கு ஆபத்து குறைந்த வேலை.

நல்ல பாதையே பொறியாகும்போது

ஆனால், நார்வே இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. 'ட்ரோல்துங்கா' என்ற பாறையை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கு மேலே நாக்கு நீட்டியதுபோல நிற்கும், அதன் நுனியில் ஒருவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். 2010-ல் அங்கே நடந்து போனவர்கள் சுமார் 800 பேர். 2016-ல் சுமார் 80,000 பேர். ஆறே வருடத்தில் நூறு மடங்கு! நடுவில் மலையில் எதுவும் மாறவில்லை, நம் கையிலிருந்த போன்தான் மாறியது.

கூட்டம் வந்ததும் பாதையைச் சரிசெய்வார்கள். பாதை நன்றானதும் இன்னும் கூட்டம் வரும். சீரமைப்பு என்பது ஒருவிதத்தில் அழைப்பிதழும்கூட. எனவே பாதை வேலையை, 'ஒரு நாளைக்கு எத்தனை பேர்' என்ற கேள்வியிலிருந்து பிரிக்கவே முடியாது. நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. உத்தரகாண்டின் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவில் கூடாரம் போடுவதற்கு 2018-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தடை விதித்து, ஒரு நாளைக்கு 200 பேர் என்று வரம்பும் வைத்தது. அதையடுத்து தயாரா புக்யாலில் அரித்துப்போன புல்வெளியை வனத்துறை எதை வைத்துச் சரிசெய்தது தெரியுமா? தென்னை நார் வலை, பைன் ஊசியிலை, மூங்கில். இமயமலைக் காயத்துக்குத் தென்னை நார்க் கட்டு!

சரி, நம்ம ஊருக்கு வருவோம்

இங்கிலாந்தில் கல் பாவுகிறார்கள் என்று நாளைக்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் படிக்கட்டு கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து வேண்டாம். நம் மழை வேறு, மண் வேறு, சோலைக்காடு வேறு. யானைக்கும் அதே வழிதான் வழி. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கல்லை அல்ல, கணக்கை. பாதை என்பது ஒருமுறைச் செலவு இல்லை, வருடாவருடச் செலவு என்ற கணக்கை.

நம்மிடம் மலையேற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாதுகாப்பைச் சுற்றியே இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யார் மறக்க முடியும்? அதன்பிறகுதான் அந்த ஆண்டே மலையேற்றத்துக்கான விதிமுறைகள் வந்தன. அனுமதி, வழிகாட்டி, தீக்காலத்தில் தடை என்பதெல்லாம் அந்த உயிர்கள் கொடுத்த விலை. ஆனால் பாதுகாப்பின் ஒரு பகுதி பாதையும்தான். வழுக்கும் பாதை, பிரிந்து பிரிந்து எது சரியான வழி என்றே தெரியாத பாதை, இவையும் ஆளைக் காவு வாங்கும்.

ட்ரெக் தமிழ்நாடு பாதைகளில் வழிகாட்டிகளாக இருப்பவர்கள் அந்தந்த மலையின் மக்கள். காலம்காலமாக அந்தத் தடத்தில் தேனுக்கும் விறகுக்கும் நடந்தவர்களின் பிள்ளைகள். எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எங்கே மண் சரியும் என்று நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். பாதைப் பராமரிப்புக்கென்று சம்பளத்தோடு ஒரு குழு அமைத்தால் அது அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சீசன் மூடியிருக்கும் மாதங்களில் வழிகாட்டி வேலை இருக்காது, பாதை வேலை இருக்கலாம். நாம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்தப் பாதைக்கே போக வேண்டும். எவ்வளவு போனது, என்ன வேலை நடந்தது என்பதை புக்கிங் பக்கத்திலேயே போட்டால் நாம் ஏன் யோசிக்காமல் கொடுக்க மாட்டோம்?

தன்னார்வலர்களா? தாராளமாக. ஆனால், காப்புக்காட்டுக்குள் நீங்களும் நானும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நினைத்தபோது போக முடியாது, போகவும் கூடாது. வனத்துறை அனுமதியோடு, அவர்கள் ஆட்களோடு, பருவமழைக்கு முன்னால் வருடத்துக்கு ஓரிரு நாள். வார இறுதியில் பிளாஸ்டிக் பொறுக்கப் போகும் குழுக்கள் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களுக்கு வடிகால் தூர் வாரக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியமா என்ன? குடிமராமத்து என்ற வார்த்தையை 2017-ல் அரசு திரும்ப எடுத்து ஏரிகளுக்குத் திட்டம் போட்டது. மலைப் பாதைக்கும் அந்த வார்த்தை பொருந்தும். கட்டாயம் என்ற பழைய பாதியை விட்டுவிட்டு, நடக்கிறவரே பராமரிப்பில் கை கொடுப்பது என்ற நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த ட்ரெக்கில் நீங்கள் செய்ய வேண்டியவை

மண்வெட்டி இல்லாமலேயே செய்யக்கூடியவை இவை. காசும் செலவில்லை.

* வளைந்து வளைந்து ஏறும் பாதையில் குறுக்கே இறங்காதீர்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் இரண்டு நிமிடம் தண்ணீருக்கு நேர்வழி போட்டுக்கொடுக்கிறது.

* பாதை நடுவில் சேறு இருந்தால் சேற்றிலேயே நடங்கள். ஷூவைக் கழுவிக்கொள்ளலாம், ஓரத்துப் புல்லைத் திரும்ப முளைக்கவைக்க வருடங்கள் ஆகும்.

* குழுவாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். அரட்டை அடிக்கப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் பாதை அகலும். அரட்டைக்கு உச்சி இருக்கிறது.

* பாதையோரக் கல்லைப் பெயர்த்து அடுக்கி கோபுரம் கட்டி போட்டோ எடுக்காதீர்கள். அந்தக் கல் அங்கே ஏதாவது மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

* திரும்பி வந்ததும் ரேட்டிங் போடுகிறீர்கள் அல்லவா, அதில் 'வியூ சூப்பர்' என்பதோடு பாதை எந்த இடத்தில் அரித்திருந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். பத்துப் பேர் எழுதினால் அது புகார், நூறு பேர் எழுதினால் அது பட்ஜெட்.

உச்சியில் எடுக்கும் போட்டோவை ரசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாதைக்கு அப்படி யாரும் இல்லை. அடுத்த முறை வழியில் குறுக்கே சாய்வாகக் கல் பதித்த ஒரு சின்ன வாய்க்காலைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் அடைத்திருக்கும் சருகைக் காலால் ஓரம் தள்ளிவிடுங்கள். அன்றைக்கு அந்த மலைக்கு நீங்கள் செய்தது அவ்வளவுதான் என்றாலும், அது கொஞ்ச வேலை இல்லை!